ஹாம் லாக்ல எதை வெக்கறது: க்ரிட்டா, லேட்-லாங்கா?

ஹாம் ரேடியோல யார்கிட்ட பேசினேன், அவர் எடம் எதுன்னு (லேட்-லாங்னா அட்சரேகை-தீர்க்கரேகை, க்ரிட்னா உலக மேப்பைக் கட்டம் கட்டமா பிரிச்சு எழுத்தும் எண்ணுமா வெச்ச பேர்) குறிச்சு வெக்கற லாகர் சாஃப்ட்வேரை போன மாசம் மாத்தினேன். பழைய லாக்கை ஏடிஐஎஃப் ஃபைலா (எல்லா லாகருக்கும் புரியற பொது வடிவம்) எடுத்து மேப்ல போட்டுப் பாத்தா ஓசூர்க்கார நண்பர் மத்தூர்ல உக்காந்திருக்கார். நம்ம போச்சம்பள்ளி பக்கத்து மத்தூர்னு நெனச்சுக்காதீங்க, மைசூர் ரோட்டுல வடைக்குப் பேர்போன மத்தூர். நான் இருக்கற தர்மபுரில இருந்து ஓசூர் நேர்கோட்டுல 80 கிலோமீட்டர் கூட வராது, லாக்ல 217னு நிக்குது. கிருஷ்ணகிரில இருக்கற இன்னொருத்தருக்கு 0 கிலோமீட்டர், என் வீட்டு மொட்டை மாடில நின்னு பேசின மாதிரி.

எடம் சரியா தெரியாத ஸ்டேஷனுக்கு என்ன எழுதறதுன்னு மூணு வழி. ஒண்ணு, கால்சைன் (ஸ்டேஷனோட அடையாளப் பேர்) முன்னெழுத்தை வெச்சு நாட்டோட நடுப்புள்ளியைப் போடறது. ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பறதுன்னு பாக்க போதும், அதுக்கு மேல ஒண்ணுத்துக்கும் ஆகாது. (அந்த நடுப்புள்ளிக்கு எல்லாரும் எடுக்கற சிடிஒய் நாட்டு ஃபைல்ல, வழக்கத்துக்கு மாறா, லாங்குக்கு மேற்கு தான் ப்ளஸ். அது தெரியாம ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி மொத்த இந்தியாவையும் கியூபா பக்கத்துக் கடல்ல எறக்கினவன் நான்.) ரெண்டாவது, கால்புக் தளத்துல (ஹாம்களோட விலாசம் இருக்கற வெப்சைட்) இருந்து லேட்-லாங் இழுக்கறது. மூணாவது, காதுல விழுந்த க்ரிட்டை அப்படியே எழுத்தாவே வெக்கறது.

நான் மூணாவதுக்கு வந்துட்டேன், காரணம் ஒண்ணே ஒண்ணு தான், பின்னாடி சுத்தம் பண்ற வேலை.

எஃப்டி8ல (கம்ப்யூட்டர் வழியா குட்டி மெசேஜ் அனுப்பற முறை) ஒருத்தர் சிக்யூ (யாராச்சும் இருக்கீங்களான்னு பொதுவா கூப்பிடறது) போட்டா நாலெழுத்து க்ரிட் தான் வரும், மெசேஜே மொத்தம் 77 பிட்டு, அதுல க்ரிட்டுக்கு 15 பிட்டு தான். அந்த நாலெழுத்துக் கட்டம் 2 டிகிரி அகலம், 1 டிகிரி உயரம், நம்ம பக்கம் அது சுமாரா 217க்கு 111 கிலோமீட்டர். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டும் எம்கே92, ஆனா 78 டிகிரி தீர்க்கரேகையை மேக்கால தாண்டிட்டா பென்னாகரமும் ஓசூரும் எம்கே82, பெங்களூரும் அதே கட்டம். இதுல தப்பு ஒண்ணும் இல்ல, எம்கே92னா "இதுக்குள்ள எங்கயோ"ன்னு அர்த்தம், அவ்ளோ தான்.

என் பழைய லாகர் என்ன பண்ணுச்சுன்னா, எம்கே92 வந்த ஒடனே கட்டத்தோட நடுவுல புள்ளி வெச்சு 12.5000, 79.0000னு சேவ் பண்ணிடுச்சு, அது ஏதோ ஜிபிஎஸ்ல எடுத்த மாதிரி நாலு தசமத்தோட இருக்கு, அதை இன்னொரு சாஃப்ட்வேர் எடுத்து திரும்ப க்ரிட்டா மாத்தினப்ப எம்கே92எம்எம்னு ஆறெழுத்து ஆயிடுச்சு. ஆறெழுத்துனா கிட்டத்தட்ட 9க்கு 4.6 கிலோமீட்டர் கட்டம். அவர் சொன்னது நாலெழுத்து, மிச்ச ரெண்டையும் மெஷினே எழுதிக்கிச்சு. ஓசூர்க்காரர் மத்தூர் போனதும் இந்த நடுப்புள்ளியால தான்: எம்கே82வோட நடு மத்தூர் பக்கம், ரெண்டு நடுவுக்கும் நடுவுல தூரம் அந்த 217; கிருஷ்ணகிரிக்காரரும் நானும் ஒரே கட்டம், அதனால 0. இனி லாக்கைப் பாத்தா எது காதுல விழுந்தது, எது கணக்குல மொளச்சதுன்னு பிரிக்கவே முடியாது. எழுத்தா வெச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்ல, எத்தன எழுத்து இருக்கோ அவ்ளோ துல்லியம், மேப்ல காட்டும்போது மட்டும் கணக்கு போட்டுக்கலாம், புள்ளிக்கு பதிலா கட்டமாவே வரைஞ்சா இன்னும் நல்லது.

கால்புக் லேட்-லாங்கை ஒரேடியா ஒதுக்கல. வீட்டுல இருந்தே பேசறவருக்கு அது தான் கரெக்ட். ஆனா என் கூட்டாளி ஒருத்தர் விலாசம் சென்னைல, என்கே03, ஆள் வாரக் கடைசில கிருஷ்ணகிரி மலை மேல ரேடியோவோட. எதை நம்பறது? யூஹெச்எஃப், மைக்ரோவேவ்னு போறவங்களுக்கு ஆறெழுத்துக்கு மேலயே தேவைப்படலாம், நான் அந்தப் பக்கம் போனதில்ல, அதனால அவங்களுக்கு என் கணக்கு பொருந்தும்னு சொல்ல மாட்டேன்.

பழைய லாக்ல லாங் சரியா ஒத்தப்படை டிகிரி, லேட் சரியா அரை டிகிரின்னு இருந்ததை எல்லாம் தேடி லேட்-லாங்கை அழிச்சுட்டு க்ரிட்டையும் நாலெழுத்தா வெட்டிட்டேன். போளூருக்கு மேக்க யாராச்சும் ஒரு ஹாம் நெசமாவே எம்கே92எம்எம்ல இருந்து பேசியிருந்தா, அவரையும் சேத்து தான் வெட்டியிருப்பேன்.