வறட்சியில் தீவனம் வாங்குவதா, மாட்டைக் குறைப்பதா?

மழை பொய்த்து மேய்ச்சல் தரை காய்ந்துவிட்டால் மாடு வளர்ப்பவருக்கு இரண்டே வழிதான். தீவனம் வாங்கிப் போட்டு மந்தையை அப்படியே காப்பாற்றலாம். இல்லையென்றால் சில மாடுகளை விற்றுவிட்டு, இருக்கிற புல்லை மற்றவற்றுக்கு விடலாம்.

முதலில் வாங்குவதைப் பார்ப்போம். 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உலர்தீவனம் வேண்டும். 20 மாடு, 5 மாதம் என்றால் 30 டன். வறட்சி ஒருவர் வேலிக்குள் மட்டும் வருவதில்லை. சுற்றுவட்டாரம் முழுக்க அதே வைக்கோலைத் தேடும்போது விலை ஏறும், லாரி வாடகையும் சேரும். அப்புறம், வயிறு நிறைந்தால் மட்டும் போதாது. வைக்கோலில் புரதம் 4 சதவீதம் அளவுதான். 7 சதவீதத்துக்குக் கீழே போனால் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும், தின்றதும் சரியாகச் செரிக்காது.

நல்ல மழை ஆண்டிலேயே சைலேஜ், அதாவது பசுந்தீவனத்தை நறுக்கிக் காற்றுப் புகாமல் புளிக்க வைத்த தீவனம், போட்டு வைத்தவருக்கு இந்த நெருக்கடி குறைவு. நறுக்கிய தட்டையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து விட்டுப் பாருங்கள். சாறு வடியாமல் உருண்டை மெல்ல விரிந்தால் ஈரம் சரி, காற்றுப் புகாமல் மிதித்து மூடலாம். ஆனால் மழையில்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் மாட்டை மேயவிடவே கூடாது. அதிலுள்ள சயனைடு நச்சு கொஞ்ச நேரத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

விற்பது மனசுக்குக் கஷ்டம்தான். பெற்று வளர்த்த மந்தை திரும்பி வரவும் நாளாகும். ஒரு கிடாரி முதல் கன்று போடவே ஏறக்குறைய 2 ஆண்டு ஆகிறது. தொடர் வறட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் இருந்தவை 8.72 கோடி மாடுகள். அன்றைய நிலவரப்படி 1951க்குப் பின் அதுவே மிகக் குறைவு.

அப்படியிருந்தும் நான் விற்பதையே சொல்வேன், ஆனால் சீக்கிரம் விற்க வேண்டும். விலா எலும்பை எண்ணலாம் என்கிற நிலைக்கு வந்த மாட்டுக்கு விலை கிடைக்காது. சினை பிடிக்காதவை, வயதானவை முதலில் போகட்டும். தரைக்கும் அது நல்லது. புல்லின் இலையில் பாதிக்கு மேல் மேய்ந்துவிட்டால் வேர் வளர்வது தடைப்படும், அடுத்த மழைக்கும் தரை லேசில் பச்சை பிடிக்காது. வெப்பம் கூடக்கூட, பெய்த மழையும் மண்ணில் முன்போல் தங்குவதில்லை. அதனால் பருவம் தொடங்கும்போதே காலண்டரில் ஒரு தேதியை வட்டமிட்டு வையுங்கள். அன்றைக்குள் புல் எழவில்லை என்றால் முதல் வண்டியை வரச்சொல்லிவிடுங்கள்.