சிகரெட் வாடையும் ஒரு கமடோர் 64-உம்: கரிப் பைக்கு என் மதிப்பெண்

பழைய கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கு இந்த வாடை தெரிந்திருக்கும். என் கமடோர் 64 வந்த பெட்டியைத் திறந்ததும் பல வருடச் சிகரெட் புகை முகத்தில் அடித்தது. விற்றவர் வாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1982-இல் வெளிவந்த மாடல் இது, புகையோடு தூக்கிப்போட மனம் வரவில்லை. வாடை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் (கரி) பைகள் நான்கும், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டிலும் வாங்கினேன்.

முதலில் அவசரப்பட்டேன். மெஷினைத் திறக்காமலேயே பைகளோடு மூடிபோட்ட பெரிய டப்பாவில் பத்து நாள் வைத்தேன். வெளியே எடுத்தபோது பரவாயில்லை என்றுதான் தோன்றியது. பவர் போட்டு அரை மணி நேரம் ஓடி உள்ளே சூடேறியதும் அதே வாடை திரும்பி வந்துவிட்டது. கரி காற்றில் மிதப்பதை மட்டும்தான் பிடிக்கும், பரப்பில் ஒட்டிய தாரை, அதாவது புகை விட்டுப்போகும் பழுப்புப் பிசினை, தொடாது.

சரி என்று கழற்றினேன். மேல்மூடி, கீழ்மூடி, கீபோர்டு எல்லாம் தனித்தனியாக. மூடிகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, லேபிள் நனையாமல் பார்த்துக் கழுவினேன். தண்ணீர் தேநீர் நிறமாக மாறியது. நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அதிலுள்ள அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும்.

உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்குத்தான் ஆல்கஹால். முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினேன். வாக்குவம் கிளீனரின் முனையில் ஸ்டேட்டிக் (நிலைமின்சாரம்) சேரும், சிப்புக்கு ஆகாது. பிறகு பட்ஸை நனைத்து ஐசி (சிப்) கால்களுக்கு இடையில் உருட்டினால் ஒவ்வொரு முறையும் பழுப்பாகவே வெளியே வந்தது. 70 சதவீத பாட்டிலில் மீதி பெரும்பாலும் தண்ணீர். சிப் உட்காரும் சாக்கெட்டுக்குள் போனால் காய நேரமாகும். அதனால் 99-தான் வாங்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்து, பவர் கேபிளைப் பிடுங்கிய பிறகே தொடுங்கள். அச்சடித்த எழுத்துகள் மேல் தேய்க்க வேண்டாம், அழிந்துபோகலாம்.

உண்மையான குற்றவாளி போர்டில் இல்லை. சில கமடோர் 64-களில் போர்டுக்கு மேல் அலுமினியத் தாள் ஒட்டிய ஓர் அட்டை இருக்கும், ரேடியோ இரைச்சலைத் தடுப்பதற்காக. அதை மூக்கருகே கொண்டுபோனதும் தலை சுற்றியது. காகிதம் புகையைக் குடித்து வைத்திருக்கிறது! நனைத்தால் பிய்ந்துவிடும், ஆல்கஹாலும் உள்ளே போய்ச் சேராது. கரிப் பை தன் திறமையைக் காட்டியது இங்கேதான். அட்டையை மட்டும் நான்கு பைகளுக்கு நடுவில் டப்பாவில் மூன்று வாரம் வைத்தேன். வாடை முக்கால்வாசி போய்விட்டது. மீதிக்காக அட்டையைத் திரும்பப் பொருத்தாமல் கவரில் போட்டுப் பத்திரப்படுத்திவிட்டேன். அது இல்லாமலும் மெஷின் ஓடும், சூடும் கொஞ்சம் குறையும்.

வாசனை ஸ்பிரே அடிக்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தாரின் மேல் இன்னொரு பிசுபிசுப்புதான் மிஞ்சும். சமையல் சோடாவை உள்ளே தூவுவதும் கூடாது. ஈரம் பட்டால் மின்சாரம் கடத்தும், இடுக்கிலிருந்து எடுக்கவும் முடியாது.

ஆல்கஹாலுக்கு ஐந்துக்கு ஐந்து. கரிப் பைக்கு மூன்றரை. வெயிலில் காயவைத்தால் புதிதுபோல ஆகிவிடும் என்று பையில் அச்சிட்டிருக்கிறார்கள். வெயில் ஈரத்தைப் போக்கும், உறிஞ்சிய தார் வாடை முழுவதையும் வெளியேற்றாது. புகைக்குப் பயன்படுத்திய பையை வேறு மெஷினோடு வைக்காதீர்கள்.

நேற்று புது பவர் சப்ளை மாட்டி ஓடவிட்டேன். (பழைய பவர் சப்ளை கெட்டால் அதன் 5 வோல்ட் எகிறி ராம் (நினைவக) சிப்பைக் கொன்றுவிடும், அதை நம்பவே வேண்டாம்.) நீலத் திரையில் 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ என்ற வழக்கமான தொடக்கச் செய்தி வந்தது. ஒரு மணி நேரம் கழித்து மேல்மூடியின் காற்றுத் துளைகளில் மூக்கை வைத்தேன். சூடான பிளாஸ்டிக் வாசனை மட்டும்தான்.