வீலுக்கு அசிட் அடித்துவிட்டு "உப்புக் காத்து" என்கிறார்கள், கவனம்

கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் எங்கள் டொயோட்டா அக்குவாவைக் கழுவக் கொடுத்தோம். ஓடிவந்த சூடு ஆறமுன்னமே அலோய் (அலுமினியக் கலப்பு) வீல் நான்குக்கும் லேபல் இல்லாத கேனிலிருந்து எதையோ அடித்தார்கள். ஊத்தை உடனே கரைந்தது, வீல் பளபளத்தது. பத்து நாளில் நான்கிலும் பால் தெளித்தாற்போல் வெள்ளை படர்ந்தது. திரும்பக் கொண்டுபோனால், "மரைன் டிரைவ் உப்புக் காத்து, பொலிஷ் பண்ணத்தான் வேணும்" என்று வீலுக்கு 4,500 ரூபாப்படி 18,000 வாங்கிவிட்டார்கள்.

அது உப்பு இல்லை. உப்பரிப்பு, கல் பட்டுப் பூச்சு உடைந்த இடத்திலோ விளிம்பிலோ தொடங்கும். கிளியர் கோட்டுக்கு (மேலே அடித்திருக்கும் நிறமற்ற காப்புப் பூச்சு) அடியில் புழு ஊர்ந்த தடம்போல மெல்லிய கோடுகளாய் மெதுவாகப் பரவும். அசிட் கறை திட்டுத் திட்டாக, கார் நின்ற நிலையில் கீழ்நோக்கி வழிந்த தாரையாகத் தெரியும். நான்கிலும் ஒன்றாக வரும், பல வேளை வீல் நட்டும் சேர்ந்து வெளிறும்.

பிரேக் தூளில் பெரும்பங்கு இரும்பு. சூட்டோடு பூச்சில் பதிந்துவிடுவதால் சவர்க்கார நுரைக்கு இலகுவில் அசையாது. மலிவான கிளீனர்களில் ஹைட்ரோகுளோரிக் அசிட், சிலதில் ஹைட்ரோஃபுளோரிக் அசிட்கூட இருக்கும். சூடான வீலில் தண்ணீர் ஆவியாகி அசிட் செறிவாகும், தாக்கமும் விரைவாகும். அன்று அதை அடித்த பொடியன் கையுறைகூடப் போடவில்லை. ஹைட்ரோஃபுளோரிக் அசிட் தோலில் பட்டால் வலி பல வேளை மணித்தியாலங்கள் பிந்தித்தான் தெரியவரும், அதற்குள் உள்ளே இறங்கிவிடும். வீல் போனால் மாற்றலாம். அந்தப் பிள்ளையின் கையை யார் மாற்றுவது?

பொலிஷ் என்பது அடுத்த ஏமாற்று. மிஞ்சிய கிளியர் கோட்டையும் தேய்த்தெடுத்து, புதுக்கோட் அடிக்காமல் அலுமினியத்தை வெறுமையாக விட்டால் கடற்கரைக் காற்றில் சீக்கிரம் மங்கும். பூச்சை முழுதாகக் கழற்றி, பெயின்ட் அடித்து, கிளியர் கோட் போடுவதே சரியான திருத்தம்.

கொடுக்கமுன் கேனைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சொட்டைச் சீமெந்துத் தரையில் விடச் சொல்லுங்கள். பொங்கி நுரைத்தால் வேண்டாம்.

வீட்டில் செய்வதானால் வீல் கைக்குக் குளிர்ந்திருக்கவேண்டும், நிழலில் நிற்கவேண்டும். ஒவ்வொரு வீலாகச் செய்யுங்கள். முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்குங்கள், பிறகு கார் ஷாம்பு. போகாத தூளுக்கு pH நடுநிலையான (அசிட்டும் காரமும் அல்லாத) அயன் ரிமூவர், அதாவது இரும்புத்தூளைக் கரைக்கும் திரவம்: 3 முதல் 5 நிமிடம், ஊதாவாக மாறி வழியும், காயவிடக் கூடாது. மெல்லிய பிரஷால் நட்டுக் குழிகளைத் தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசித் துடையுங்கள். வீலுக்கென்று தனி வாளி வையுங்கள். வீலைத் துடைத்த துணியாலேயே காரின் வெளிப்பக்கத்தைத் துடைத்தால் இரும்புத்தூள் பெயின்டைக் கீறும். பிறகு காரைக் கொஞ்சத் தூரம் ஓட்டி, பிரேக்கை மெதுவாக மிதித்து டிஸ்கைக் காயவையுங்கள்.

பொலிஷுக்குக் கழற்றிய வீலை அந்தச் சேர்விஸ் ஸ்டேஷனில் ஏர் கன்னாலேயே (காற்றில் ஓடும் நட்டு இறுக்கி) இறுக்கி முடித்திருந்தார்கள். அக்குவாவுக்கு 103 நியூட்டன் மீட்டர்தான், டோர்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளக்கும் சாவி), எதிரெதிர் நட்டாக. கூடினால் நட்டு ஏறும் ஸ்டட் இழுபடும். 100 கிலோமீட்டருக்குள் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.

இன்றுதான் அசிட் பட்டதென்றால், ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் சோடா கரைத்து வீல் முழுக்க ஊற்றி, ஐந்து நிமிடத்தில் அலசிவிடுங்கள். பூச்சு வெளிறிவிட்டால் இது மீட்காது. கறை படிந்த படியே படமெடுத்து, பில்லோடு வைத்திருங்கள். பொலிஷுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.