அதிகம் ஓடிய பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எட்டு மாதச் சம்பளம் போய்விட்டது. வாடகை, சாப்பாடு எதையும் கழிக்காத முழுச் சம்பளம். அதைக் கொடுத்து வாங்கிய கார் இப்போது ஒரு பட்டறையின் மூலையில் இன்ஜினைத் திறந்துபோட்ட நிலையில் நிற்கிறது. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை. நான் வாங்கிய அதே கார் திடலுக்கு நாளை இன்னொருவர் சேமிப்பை எடுத்துக்கொண்டு போவார் என்று நினைக்கும்போது கை நடுங்குகிறது. அதனால்தான் இன்றே எழுதுகிறேன்.

விற்றது பழைய வாகனங்களை வாங்கி விற்கும் ஒரு நிறுவனம். பெயரைச் சொல்லப் போவதில்லை. திடல் நிறையக் கழுவித் துடைத்த கார்கள், கண்ணாடி அறை, சுவரில் ‘முழுச் சோதனை செய்யப்பட்ட வாகனங்கள்’ என்ற பலகை. இப்படிப்பட்ட இடம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

நான் பார்த்தது 13 வயதான கார். மீட்டரில் 2,10,000 கிலோமீட்டர். இவ்வளவு ஓடிய வண்டியை வாங்கலாமா என்ற தயக்கம் எனக்கு முதலிலேயே இருந்தது. அதை விற்பவரிடம் வெளிப்படையாகவே கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. சாவியைத் திருகி மீட்டரை ஒளிரவைத்து, விரலால் தொட்டுக் காட்டினார்.

“தம்பி, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ஓடியிருக்கிறது. நான் மறைக்கமாட்டேன். வேறு இடமாக இருந்தால் இதையே தொண்ணூறாயிரம் என்று குறைத்து வைத்து, உங்களிடம் கூடுதல் விலையும் வாங்கியிருப்பார்கள். எனக்கு அந்தப் பணம் வேண்டாம். உள்ளதைச் சொல்லி விற்கிறேன். பிடித்தால் எடுங்கள்.”

நான் நம்பிய கணம் இதுதான். தன் சரக்கின் குறையைத் தானே முன்வந்து சொல்கிற மனிதர் மற்றவற்றில் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? அடுத்து அவர் சொன்னதும் பொய்யில்லை. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றப்பட்ட இன்ஜின், நெரிசலில் நின்று நின்று ஓடிய குறைந்த தூர இன்ஜினைவிட நல்ல நிலையில் இருக்கலாம் என்றார். உண்மை. சூடேறும் முன்பே அணைத்துவிடும் குறுகிய பயணங்கள் இன்ஜினை அதிகம் கெடுக்கும் என்றார். அதுவும் உண்மை. தூரத்தைவிடப் பராமரிப்புதான் முக்கியம் என்று முடித்தார். இதை எந்த நேர்மையான மெக்கானிக்கும் சொல்வார். என் ஆத்திரமே அங்கேதான். உண்மைகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் நடுவில் பொய்யைச் செருகிக் கொடுத்தார்.

பராமரிப்புக்குச் சான்று கேட்டேன். தடித்த பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சர்வீஸ் பில்கள், ஆண்டு வாரியாக. புரட்டிப் பார்த்தேன், கையில் கிடைத்த இரண்டு பில்களைப் படமும் எடுத்துக்கொண்டேன். பானெட்டைத் திறந்து உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். 1,85,000 கிலோமீட்டரில் டைமிங் பெல்ட் (இன்ஜினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்கவைக்கும் ரப்பர் பட்டை) மாற்றப்பட்டது என்று பேனாவால் எழுதியிருந்தது. “பெரிய செலவு முடிந்த வண்டி தம்பி. இனி ஆயில் மாற்றிக்கொண்டு ஓட்டவேண்டியதுதான்.”

எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்றேன். வெளியே எடுத்துப்போகக் காப்பீட்டில் இடமில்லை என்றார். மெக்கானிக்கை அழைத்து வருகிறேன் என்றதற்கு, மாலையில் இன்னொருவர் முன்பணத்தோடு வருவதாகச் சொன்னார். அதற்குப் பதிலாக அவர்களுடைய சோதனை அறிக்கையைக் கையில் கொடுத்தார். பக்கம் பக்கமாகச் சரி என்ற குறிகள். ‘டைமிங் பெல்ட்: நல்ல நிலை’ என்று அதில் தனி வரியே இருந்தது. ஓட்டிப் பார்த்தேன். இன்ஜினில் சத்தமில்லை, புகையில்லை. நான் போனபோதே பானெட் சூடாக இருந்தது. இப்போதுதான் கழுவி இந்தப் பக்கம் நகர்த்தினோம் என்றார்கள்.

எட்டு மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான தாள்களோடு இன்னொரு தாளிலும் கையொப்பம் வாங்கினார்கள். வழக்கமான படிவம் என்றார்கள். ‘உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்’ என்ற வரி அதில்தான் இருந்தது. கோப்பைக் கேட்டபோது, மூல பில்கள் பெயர் மாற்றம் முடிந்ததும் வரும் என்றார்கள். வந்தது. மேசையில் பார்த்த தடிப்பில் கால் பங்குகூட இல்லை.

சில வாரங்கள் ஓடியது. பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில், எந்த விளக்கும் எரியாமல், எந்த முன்னறிகுறியும் இல்லாமல், முன்பக்கத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். இன்ஜின் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி ஒலி எழுப்பிக்கொண்டே விலகிப் போனது. வண்டியில் என் அம்மாவும் இருந்தார். பணத்தை இன்னொரு முறை சம்பாதிக்கலாம். அந்த லாரி ஓட்டுநர் ஒரு நொடி கவனம் தவறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை. ஓரமாக உருட்டி நிறுத்தி மறுபடி சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, எதையும் இழுக்காததுபோல் சுற்றியது. டைமிங் பெல்ட் அறுந்த வண்டி அப்படித்தான் சுற்றும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பட்டறையில் பெல்ட் மூடியைக் கழற்றும்போது மெக்கானிக் என்னை அருகே அழைத்துக் காட்டினார். மூடியின் போல்ட்டுகளில் பல ஆண்டு எண்ணெய் அழுக்கு இறுகிப் போயிருந்தது; ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. உள்ளே இருந்த பெல்ட்டில் அச்சு எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை. ரப்பர் வெடித்து, பற்கள் பிய்ந்து கிடந்தன. 25,000 கிலோமீட்டருக்கு முன் மாற்றிய பெல்ட் இப்படி இருக்காது என்றார். இந்தப் பெல்ட்டுக்குக் காருக்குக் கார் கெடு மாறும். பெரும்பாலும் 1,00,000 முதல் 1,60,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும். ஓடாமல் நின்ற வண்டியானாலும் ஆண்டுக் கெடு ஒன்று தனியாக உண்டு. என் காரின் இன்ஜின், பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வில் மோதுகிற வகை. வால்வுகள் வளைந்துவிட்டன, ஒரு பிஸ்டனிலும் அடி. வடித்த ஆயில் பாகுபோல் வந்தது. தேய்ந்த இன்ஜினின் சத்தத்தையும் புகையையும் கொஞ்ச நாளுக்கு அடக்கிவைக்க ஊற்றும் கெட்டிச் சரக்கு அது என்றார்.

இதோடு முடிந்திருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் இருக்காது. காரின் மின்னணுப் பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தவர் என்னிடம் கேட்டார்: “மீட்டரில் எவ்வளவு என்று சொன்னீர்கள்?” கியர்பாக்ஸின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவாகியிருந்த தூரம் 3,38,000 கிலோமீட்டர். பல கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை. வேறு பெட்டிகளிலும் தனியே சேர்ந்துகொண்டு வரும். மீட்டரைத் திருத்துகிறவர்கள் சிலசமயம் அதைத் தொடுவதில்லை.

அதாவது, ‘நான் மறைக்கமாட்டேன்’ என்று விரலால் தொட்டுக் காட்டிய அந்த எண்ணே திருத்தப்பட்டது. 13 ஆண்டுக்கு 2,10,000 என்றால் ஆண்டுக்குப் பதினாறாயிரம். யாரும் நம்பக்கூடிய கணக்கு. 90,000 என்று வைத்திருந்தால் தேய்ந்த பெடலையும் ஸ்டீயரிங்கையும் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கும். எவ்வளவு குறைத்தால் வாங்குகிறவன் நம்புவான் என்று அளந்து குறைத்திருக்கிறார்கள். என் தொலைபேசியில் இருந்த பில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அவற்றிலிருந்த சேசிஸ் எண், அதாவது ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள எண், என் காருடையதே இல்லை. அதே மாடலில் வேறு யாருடைய காரோ.

உடனே அழைத்தேன். முதல் அழைப்பில் இன்னும் நான் ‘தம்பி’தான். “அப்படியா, படம் அனுப்புங்கள் தம்பி, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்” என்றார். எல்லாப் படங்களையும் அனுப்பினேன். கூப்பிடவில்லை. மறுபடி நான் அழைத்தபோது ‘சார்’ ஆகியிருந்தேன். “சார், பழைய வண்டி என்று தெரிந்துதானே எடுத்தீர்கள்? ரப்பர் பெல்ட் எப்போது அறும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.” மீட்டரைப் பற்றிக் கேட்டதும் ஸ்கேனர் தப்பாகக் காட்டும் என்றார். பில் விஷயம் கேட்டதும், கோப்பு முந்தைய உரிமையாளர் கொடுத்தது, எங்களுக்குத் தெரியாது என்றார். முந்தைய உரிமையாளரின் எண் கேட்டால், தனியுரிமை என்றார். எண்ணைக் கொடுப்பதற்குத் தடையாக வருகிற தனியுரிமை, வேறொருவருடைய பில்களை எனக்குக் காட்டியபோது எங்கே போயிருந்தது?

நேரில் போனேன். கண்ணாடி அறையில் அவர் இருந்தார்; என்னைப் பார்த்ததும் உள்ளறைக்குப் போய்விட்டார். வரவேற்பில் இருந்த பெண் முதலாளி வெளியூர் என்றார். அந்தப் பெண்ணின் மீது எனக்குக் கோபமில்லை, அவர் முகத்திலேயே சங்கடம் தெரிந்தது. காத்திருந்தேன். பிறகு வேறொருவர் வந்து, நான் கையொப்பமிட்ட தாளின் நகலை நீட்டி, ‘உள்ளது உள்ளபடி’ வரியைக் காட்டினார். உள்ளதையே மாற்றிக் காட்டிவிட்டு உள்ளபடி என்று எழுதி வாங்குவது என்ன நியாயம் என்று கேட்டேன். வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், சத்தம் போடாதீர்கள் என்றார். அவ்வளவுதான். இப்போது என் எண்ணிலிருந்து அழைத்தால் மணியே அடிப்பதில்லை. வேறு எண்ணிலிருந்து அழைத்து என் பெயரைச் சொன்னதும் “யார் பேசுவது, கேட்கவில்லை” என்று வைத்துவிடுகிறார்.

எட்டு மாதச் சம்பளம். சிலிண்டர் ஹெட்டைச் சரிசெய்து, வால்வு, பிஸ்டன் மாற்ற இன்னும் நான்கு மாதச் சம்பளம் கேட்கிறது. 3,38,000 ஓடிய இன்ஜினில் அந்தப் பணத்தைப் போட வேண்டாம் என்று மெக்கானிக்கே சொல்கிறார். பாகம் பாகமாகப் பிரித்து விற்றால் ஒரு மாதச் சம்பளம் தேறும். மீதிக்கு யாரிடம் போவது? படங்கள், ஸ்கேனர் அறிக்கை, சோதனை அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன். அறுந்த பெல்ட்டைப் பட்டறையில் விட்டுவிடாமல் வீட்டிலேயே வைத்திருக்கிறேன்.

அதிகம் ஓடிய வண்டியை எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் முன்னால் வருகிறது. தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். பானெட் சூடாக இருந்தால் திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது; வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் நிற்காமல் வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் சிலிண்டருக்குள் போகிறது.

சாவியை ‘ON’ நிலைக்குத் திருப்பியதும், இன்ஜினைக் கிளப்பும் முன்பே, இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும், கிளப்பியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதைத் துண்டித்திருக்கலாம். ஸ்கேனரில் சுய சோதனைகள் ‘முடியவில்லை’ என்று பல வரிகளில் காட்டினால், கோளாறுக் குறியீடுகளை அண்மையில் அழித்திருக்க வாய்ப்புண்டு. மீட்டரை விட்டுவிட்டு மற்றப் பெட்டிகளில் இருக்கும் தூரத்தையும் படிக்கச் சொல்லுங்கள்.

பெல்ட் மாற்றியதாகச் சொன்னால் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். சேசிஸ் எண், தேதி, தூரம் மூன்றும் உள்ள பில் வேண்டும். அந்தப் பட்டறைக்கே அழைத்துக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் செலவை விலையில் கழியுங்கள். உங்கள் காரில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருந்தால் கெடு கிடையாது என்பார்கள். ஆயில் மாற்றாமல் விட்ட இன்ஜினில் செயினும் நீளும்.

உங்கள் மெக்கானிக் பார்க்கக்கூடாது என்று எந்தக் காரணம் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். மாலையில் வருவதாகச் சொன்ன அந்த இன்னொருவர் வாங்கிக்கொள்ளட்டும்.

ஓடிய தூரத்தை எண்ணால் எழுதி, அது உண்மை என்று விற்பவரின் கையொப்பத்தோடு தனித் தாளில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள்.

புகாருக்குப் பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன். இதே போன்ற கோப்பையும் ஸ்டிக்கரையும் வேறு யாரிடமாவது காட்டியிருந்தால், பில்லைப் படம் எடுத்து முதலில் சேசிஸ் எண்ணைப் பாருங்கள்.