புனல் இல்லைங்க, கமலைச் சால்

போன வாரம் நண்பன் ஒரு நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பினான். "மாப்ள, இந்த மியூசியத்துல ஞாயித்துக்கிழமை பிள்ளைகளுக்கு ஏதோ நடத்துறாங்களாமே. நீ அடிக்கடி போற ஆளாச்சே, கூட்டிட்டுப் போலாமா?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். நாலு வருஷ வயிற்றெரிச்சல் ஒரு வரியில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மியூசியத்தின் பெயர் வேண்டாம். மதுரையிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இரண்டு கூடம், ஒரு வராந்தா, பின்னால் ஒரு வேப்பமரம். மே 18 அருங்காட்சியக நாள், நவம்பர் 19 முதல் 25 வரை பாரம்பரிய வாரம், நடுவில் தோன்றும்போது ஒரு ஞாயிறு என்று நிகழ்ச்சிகள் நடக்கும். பத்து மணி என்று போட்டிருந்தால் பதினொன்றுக்குப் போங்கள். அந்த ஒரு மணி நேரமும் பொன்னாடை போர்த்துவார்கள். எந்த ஊரில்தான் போர்த்தவில்லை, அதை விடுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்வெட்டைத் தாளில் நகலெடுக்கும் மைப்படி வகுப்புக்கு ஈடாகப் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தில் வேறொன்றை நான் பார்த்ததில்லை. வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து வெட்டிய கல் ஒன்றை வேப்பமரத்தடியில் போட்டிருப்பார்கள். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரத் தாளை மேலே ஒட்டி, முரட்டு பிரஷ்ஷால் அடித்துக்கொண்டே இருந்தால் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். பிறகு மை தொட்ட துணிப்பந்தால் ஒற்றினால் சுற்றிலும் கறுத்து, எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். முதல் தடவை என் மகள் அதைப் பார்த்துக் கத்திய கத்தலில் வராந்தாவில் தூங்கிய நாய் எழுந்து போனது. இன்னொரு நாள் பானை ஓட்டில் ஆணியால் தமிழி என்கிற ஆகப் பழைய தமிழ் எழுத்தில் அவரவர் பெயரைக் கீறச் சொன்னார்கள். கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் என்று கீறியிருக்கிறதே, அதே மாதிரி. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்ததிலிருந்து நாங்கள் மூன்று முறை போயாகிவிட்டது. செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டியிருக்கிறார்கள், அழகுதான். ஆனால் அங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். இங்கே கை கறுப்பாகும்.

பேச்சுகள் சுமார்தான். ஒருமுறை புலிமான்கோம்பை நடுகல் பற்றிப் பேசினார்கள். 2006இல் கிடைத்த கல், 'கூடலூர் ஆகோள்' என்று முடிகிறது, மாடு கவரும் சண்டையில் செத்தவனுக்கு நட்டது என்று பேச்சாளர் உருகிக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பையன் எழுந்து, "மாடு திரும்பி வந்துச்சா சார்?" என்றான். அன்றைக்கு உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

சரி, வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இரண்டாவது கூடத்தின் மூலையில் ஒரு இரும்புப் பாத்திரம் இருக்கிறது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். வாய் அகலம், அடியில் ஓட்டை. அதன் முன்னால் உள்ள அட்டையில், 'இரும்புப் புனல் – தானியம் கொட்டப் பயன்பட்டது' என்று எழுதியிருக்கிறது.

நாங்கள் போக ஆரம்பித்த முதல் வருஷமே, 'உங்கள் வீட்டுப் பழம்பொருளோடு வாருங்கள்' என்று ஒரு நாள் நடத்தினார்கள். மரக்கால், உழக்கு, பாக்குவெட்டி என்று சனங்கள் கொண்டுவந்திருந்தார்கள். படி ஒன்றைக் கொண்டுவந்த பெரியவர் கூடத்தைச் சுற்றிவிட்டு அந்த மூலையில் நின்றார். "ஏப்பா, இதைப் புனலுன்னு எவன் எழுதுனது? கமலைச் சால்ப்பா இது. தும்பி இத்துப் போயிருக்கு, அம்புட்டுத்தான்." மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதுதான் கமலை, தண்ணீர் மொள்ளும் பாத்திரம் சால். அடி ஓட்டையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் இருக்குமாம், அதுதான் தும்பி. பேத்தியின் துப்பட்டாவை வடக்கயிறாகப் பிடித்துக்கொண்டு, அவரே மாடாகவும் அவரே ஓட்டுகிறவராகவும் நடந்து காட்டினார். மாடு சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். மெல்லிய கயிறு தும்பியின் வாயை வெளியே இழுக்கும், தண்ணீர் தானாக வாய்க்காலில் கொட்டும். மாடு பின்னாலேயே நடந்து மேடேறினால் சால் மறுபடி கிணற்றுக்குள். பம்பு செட் வந்ததும் எல்லாம் போச்சு என்று சொல்லிவிட்டு இரண்டு வரி பாடவும் செய்தார். மைக்கில் நடந்ததையெல்லாம்விட அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் கூட்டம்.

பொறுப்பாளரும் கைதட்டினார். அட்டை மாறவில்லை.

மறு வருஷம் ஒரு அம்மா அதையே சொன்னார். அதற்கு அடுத்த வருஷம் கிணறு வெட்டும் ஒருவர் சொன்னார். கருத்துப் பதிவேட்டில் நான் மூன்று முறை எழுதியிருக்கிறேன், மூன்றாவது முறை கொஞ்சம் சூடாகவே. பெரியவர், தன் வீட்டுப் பரணில் ஒரு பழைய தும்பி கிடப்பதாகவும் சும்மாவே தருவதாகவும் சொல்லியிருக்கிறார். மனு எழுதிக் கொடுங்கள் என்றிருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை, ஒவ்வொரு அட்டைக்கும் மேலே கேட்க வேண்டும் என்கிறார்கள். இருக்கலாம், அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. ஆனால் ஊர்ச் சனங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பேசச் சொல்லி, போட்டோவும் எடுத்துவிட்டு, அவர்கள் சொன்ன ஒரு சொல்லைக்கூட எழுதிக்கொள்ளவில்லை என்றால் எதற்குக் கூப்பிடுகிறீர்கள்?

போன வருஷம் என் மகள், யாரும் பார்க்காத நேரத்தில், அட்டைக்குக் கீழே பென்சிலால் 'கமலைச் சால்' என்று சின்னதாக எழுதிவிட்டாள். தப்புதான், அதட்டினேன். கூடத்தைக் கூட்டும் அக்கா பார்த்தும் அழிக்காமல் விட்டுவைத்திருந்தார். போன மாதம் போனபோது அட்டை பளபளவென்று இருந்தது. புது எழுத்து, புது லேமினேஷன். எட்டிப் பார்த்தேன். 'இரும்புப் புனல் – தானியம் கொட்டப் பயன்பட்டது.' பென்சில் எழுத்து பழைய அட்டையோடு போய்விட்டது.

மியூசியத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அதில் ஒன்று அந்தப் பெரியவருக்கு.

நண்பனுக்கு, "வேணாம் மாப்ள, பேசாம கீழடிக்குக் கூட்டிட்டுப் போ" என்று பதில் அனுப்பிவிட்டேன். இந்த ஞாயிறு மைப்படி வகுப்பு. மை துவைத்தால் போகாது என்று மகள் பழைய சட்டை ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். பென்சில் பாக்ஸையும்.