இடது பக்கத்து ஆக்ஸிஜன் சென்சார்: எஞ்சின் மாற்றிய 1972 சி10 பற்றிச் சில வார்த்தைகள்

நண்பர் ஒருவர் எஞ்சின் மாற்றிய 1971 ஷெவர்லே சி10 டிரக் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். விற்பவர் விலையைக் கணிசமாக இறக்கிவிட்டாராம். "உங்களிடமும் அதே மாதிரி வண்டிதானே இருக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்டார். தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் எனக்கே கோபம் வந்துவிட்டதால், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என்னுடையது 1972 சி10. டெக்சாஸில் வாங்கியது, டெக்சாஸிலேயே ஓடுகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த 307 வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைக் கழற்றிவிட்டு, பிற்காலத்து ஷெவர்லே டிரக்கான சில்வராடோ ஒன்றிலிருந்து எடுத்த 5.3 லிட்டர் எல்எம்7 எஞ்சினையும் அதனுடைய 4எல்60இ கியர்பாக்ஸையும் வைத்திருக்கிறார்கள். நான் வாங்கும்போதே இந்த வேலை முடிந்திருந்தது. எஞ்சினைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. 1999 முதல் 2007 வரை ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் லட்சக்கணக்கில் வந்தது. எந்த ஊரில் நின்றுபோனாலும் உதிரி பாகம் கிடைக்கும். குளிர்காலக் காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. பின்னால் சுமை, உள்ளே ஏசி, எதிரே மேடு என்று மூன்றும் சேர்ந்தாலும் திணறுவதில்லை. ஐம்பது வயது வண்டியில் இந்தப் பிக்கப் கிடைப்பது அநியாயமான சந்தோஷம்.

எனக்குச் சண்டை ஆக்ஸிஜன் சென்சார் என்ற, புகைக்குழாயில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் விரல் நீளப் பொருளை யாரோ வைத்துவிட்டுப் போன இடத்தோடுதான்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி அருமையாக ஓடும். ஓரிரு நிமிடத்தில் ஐட்லிங் ஏறி இறங்கத் தொடங்கும். சிக்னலில் நின்றால் மிஸ்ஸிங், ஸ்டீயரிங்கில் நடுக்கம், எரியாத பெட்ரோல் வாடை. நெடுஞ்சாலையில் வேகம் எடுத்துவிட்டால் எதுவும் நடக்காதது போல ஓடும். கொஞ்சம் நிதானமாக யோசிப்பவருக்கு இந்த வரிசையே போதும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கணினி ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்பதில்லை. தன்னிடம் உள்ள அட்டவணையைப் பார்த்துப் பெட்ரோல் அளக்கிறது. சென்சார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பிறகுதான் அது சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொள்கிறது. கேட்கத் தொடங்கிய நேரத்தில் வண்டி கெட்டுப்போகிறது என்றால், கேட்பது தவறான செய்தி.

ஆனால் பட்டறைகளில் நிதானத்துக்குக் கூலி கிடையாது போலிருக்கிறது. பிளக் மாற்றினார்கள், பிளக் ஒயர் மாற்றினார்கள், காற்றை அளக்கும் சென்சாரை மாற்றினார்கள். பெட்ரோல் அழுத்தம் 58 பிஎஸ்ஐ, இருக்கவேண்டிய அளவு அப்படியே இருந்தது. அப்படியும் பம்பை மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். இரண்டு ஆக்ஸிஜன் சென்சார்களும் புதிதாக வந்தன. பழைய இடத்திலேயே உட்கார்ந்தன. பழைய மிஸ்ஸிங்கும் அப்படியே.

ஸ்கேனர் திரும்பத் திரும்பக் காட்டியது பி0171. முதல் வரிசைச் சிலிண்டர்களில் பெட்ரோல் குறைவு என்று பொருள். இந்த எஞ்சினில் 1, 3, 5, 7 ஓட்டுநர் பக்கம், அமெரிக்க வண்டியில் இடது பக்கம். அதுதான் முதல் வரிசை. ஐட்லிங்கில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் கணினி 20 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது. மறுபக்கத்தில் திருத்தம் ஏறக்குறைய பூஜ்ஜியம். உள்ளிழுக்கும் பாதையில் எங்கோ காற்று கசிகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படியானால் பெட்ரோல் குறைவு உண்மையாக இருக்க வேண்டும், பிளக்குகள் வெளுத்திருக்க வேண்டும். கழற்றிப் பார்த்தால் ஓட்டுநர் பக்கத்து நான்கு பிளக்கிலும் கரி அப்பிக் கிடந்தது. குறைவு என்று சொல்லப்பட்ட பக்கத்தில்தான் பெட்ரோல் மிதமிஞ்சிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு சென்சார்களின் ஒயர்கள் இடம் மாறியிருந்தால் ஒரு பக்கம் மேல் எல்லைக்கும் மறுபக்கம் கீழ் எல்லைக்கும் ஓடியிருக்கும்; அதுவும் இல்லை.

சென்சாருக்குப் பெட்ரோலைத் தெரியாது. ஆக்ஸிஜனைத்தான் தெரியும். குழாயில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், மிஞ்சவில்லை என்றால் 0.9 பக்கம் ஏறும். அந்த ஆக்ஸிஜன் எஞ்சினுக்குள்ளிருந்து வந்ததா, வழியில் ஓட்டை வழியாக நுழைந்ததா என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது. குழம்பில் யாரோ தண்ணீர் ஊற்றிய பிறகு ருசி பார்ப்பவர், உப்புப் போதவில்லை என்றுதான் சொல்வார்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து புகையைக் கொண்டுபோகும் நீளமான ஹெடரின் நான்கு குழாய்களும் ஒன்றுசேரும் கலெக்டர் முடிந்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கிளாம்ப் போட்ட இணைப்பு ஒன்று இருந்தது. சென்சாரைத் திருகும் மரை வளையத்தை அந்த இணைப்புக்குப் பின்னால் நான்கு விரல் தள்ளி வெல்டிங் செய்திருந்தார்கள். அதுவும் குழாயின் அடிப்பக்கத்தில். சைலன்சரின் வாயில் வேக்குவம் கிளீனரைத் திருப்பி வைத்துக் காற்றை ஊதவிட்டு, இணைப்பின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை பொங்கியது.

புகை வெளியேதானே வரும், காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்பவர்களுக்கு: புகை சீராக வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-7-2-6-5-4-3. ஓட்டுநர் பக்கத்தை மட்டும் எண்ணினால் 3-உம் 1-உம் அடுத்தடுத்து வெடிக்கின்றன. 7-க்கும் 5-க்கும் நடுவே 270 டிகிரி காலியாகக் கிடக்கிறது. ஐட்லிங்கில் அந்த இடைவெளி தாராளமானது. ஒவ்வொரு துடிப்பின் வாலிலும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கி, ஓட்டை வழியாகக் காற்றை உறிஞ்சுகிறது. வேகம் கூடினால் புகையின் அளவு பெருகுகிறது, நுழையும் காற்று கணக்கில் வராமல் போகிறது. நெடுஞ்சாலையில் வண்டி நல்ல பிள்ளையாக ஓடியதற்கு வேறு மர்மமில்லை.

வெல்டிங் செய்தவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஸ்டீயரிங்கோடு இணைந்த கியர் லீவரின் கம்பி அந்தப் பக்கமாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போகிறது. கலெக்டரின் பக்கவாட்டில் சென்சார் வைத்தால் இடிக்கும். அதனால் பின்னால் தள்ளியிருக்கிறார். இவ்வளவும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுபக்கத்தில், இடம் தாராளமாக இருந்த பக்கத்தில், அதே மனிதர் கலெக்டரின் மேலேயே, சாய்வாக, பாடப்புத்தகத்தில் போட்டது போல வைத்திருக்கிறார். சரியான இடம் தெரிந்தவர்தான். இந்தப் பக்கம் வளையத்தை இன்னும் கொஞ்சம் மேலே திருப்பி வைத்திருந்தால் கம்பிக்கும் வண்டியின் தளத்துக்கும் நடுவே சென்சார் உட்கார்ந்திருக்கும். தெரியாமல் செய்பவரை மன்னித்துவிடலாம்.

அடிப்பக்கத்தில் வைத்தது தனிக் குற்றம். குளிர்ந்த குழாயில் தேங்கும் நீர் சென்சாருக்குள் இருக்கும் சூடான பீங்கானில் பட்டால் அது விரிசல் விட்டுவிடும். குழாயின் மேல் பாதியில், கிடைமட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரியாவது உயர்த்தி வைப்பது இதற்காகத்தான்.

இன்னொரு பட்டறையில் கலெக்டரிலேயே புதிய வளையம் வைத்து, பழையதை அடைத்து, செருகு இணைப்பை வெட்டி எறிந்துவிட்டு, கசியாமல் இறுக்கும் வி-பேண்ட் கிளாம்ப் போட்டார்கள். ஒயரைச் சாலிடர் செய்யாமல், கிரிம்ப் செய்து (அழுத்தி இணைத்து) நீட்டச் சொன்னேன். இந்தச் சென்சார் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றை ஒயரின் வழியாகவே எடுத்துக்கொள்கிறது; சாலிடர் அந்த வழியை அடைத்துவிடும். அன்று சூடான எஞ்சினோடு சிக்னலில் நின்றபோது வண்டி ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஓட்டுநர் பக்கத் திருத்தம் 3 சதவீதத்துக்குள் வந்துவிட்டது.

"இவ்வளவு பழைய வண்டிக்கு டெக்சாஸில் புகைச் சோதனையே இல்லை, சென்சாரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அட்டவணையிலேயே ஓட்டு" என்று சொல்பவர்கள் உண்டு. வெயிலுக்கும் உயரத்துக்கும் தகுந்தாற்போல் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதற்காகத்தானே இந்த எஞ்சின்? அதை இழப்பதென்றால் 307-உம் கார்புரேட்டருமே போதும்.

போன வாரம் அதே ஓட்டுநர் பக்கத்து ஒயரின் வெப்ப உறை ஹெடரில் உரசி, கருகி, சென்சார் இணைப்பான் உருகிவிட்டது. மாற்றியாகிவிட்டது, பெரிய செலவில்லை. ஆனால் அந்தப் பக்கம் என்றாலே எனக்கு இப்போது பல் நறநறக்கிறது.

ஆகவே, நண்பரே: எஞ்சின் உயர்தரம், வண்டி ஓட்டச் சுகம், உதிரி மலிவு. வாங்காதீர்கள். மீறிப் போய்ப் பார்ப்பதென்றால், விற்பவரிடம் முன்பே வண்டியைச் சூடாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து கால்மணி நேரம் ஐட்லிங்கில் விடுங்கள். ஸ்கேனரில் இரண்டு பக்கத் திருத்தத்தையும் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு கீழே படுத்து, இடது சென்சாருக்கு முன்னால் ஏதாவது இணைப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால், அவர் இன்னும் எவ்வளவு இறக்கினாலும் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.