நாரி நோவுக்கு ஊசியா, பயிற்சியா?

அம்மாவுக்கு வயது 68. பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடப்பதற்குள் இரண்டு காலும் விறைத்துவிடும். மதகுக்கட்டில் இருந்தால் சரியாகிவிடும். ஆனால் சைக்கிளில் முன்பக்கம் சாய்ந்தபடி சந்தைக்குப் போய்வருவா. முதுகெலும்புக்குள் நரம்பு போகும் குழாய் ஒடுங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான்: நிமிர்ந்தால் நரம்பு நெரியும், குனிந்தால் இடம் கிடைக்கும்.

ஒப்பரேசன் இல்லாமல் சமாளிக்க அவவுக்கு இரண்டு வழி சொன்னார்கள்.

முதலாவது, நாரியில் போடும் ஸ்டீரொய்ட் ஊசி. காலுக்கு இறங்கும் வலி சிலருக்குச் சில கிழமைகள் குறையும். ஆனால் ஒடுங்கிய குழாய் அகலாது. 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 400 பேருக்கு ஊசி போட்டார்கள். வலி தெரியாமல் விறைக்கச் செய்யும் மருந்தோடு ஸ்டீரொய்ட் சேர்த்ததால் ஆறு கிழமையில் சொல்லும்படியான மேலதிகப் பலன் கிடைக்கவில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் சீனியும் ஏறும். அம்மாவுக்கு அதுவும் உண்டு.

மற்றது பிசியோதெரபி. இது மெல்லத்தான் வேலை செய்யும். விடிய எழும்பிப் பாயில் மல்லாந்து படுத்து, இரண்டு முழங்காலையும் கைகளால் கட்டி நெஞ்சுக்கு இழுத்து, இருபதுவரை வாய்விட்டு எண்ணுவா. பிறகு வயிற்றுத் தசைக்கான பயிற்சி. 2015இல் வந்த இன்னோர் ஆய்வில், ஒப்பரேசனுக்கும் பயிற்சிக்கும் பிரிக்கப்பட்ட 169 பேரின் உடலியக்கம் இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. பயிற்சிப் பக்கத்தில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் ஒப்பரேசனுக்கு மாறினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

நான் பயிற்சியைத்தான் முதலில் சொல்வேன். வலி நித்திரையையே கெடுத்தால் ஊசியைப் பற்றி டொக்டரோடு கதையுங்கள். சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, இருக்கும்போது கதிரையில் படும் உடற்பகுதி மரத்தாலோ, கால் திடீரெனச் சோர்ந்தாலோ இரண்டையும் விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.